பனியனுக்கு வைத்த பை

பூபாலனைப் பிடித்திருந்த பைத்தியத்துக்கு மருந்து கிடையாது. திருப்பூரில் சொந்தமாகப் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறவன், டி-ஷர்ட்டில் படம் அடித்துக் கொடுத்து ஐம்பது வயதுக்குள் தலை நிமிர்ந்தவன், என்ன செய்வான்? இன்னொரு டேபிள் போடுவான். இல்லாவிட்டால் அவிநாசிப் பக்கம் இடம் பார்ப்பான். இவன் என்னடாவென்றால் பழைய பேப்பர்களில் வந்த அரசியல் கார்ட்டூன்களின் அசல் படம் எங்கே கிடைக்கும் என்று ஈரோடு, சேலம், கோயம்புத்தூர் என்று எடைக்கடை எடைக்கடையாக ஏறி இறங்கினான்.

அச்சான பேப்பர் இல்லை. அது யாருக்கு வேண்டும்! ஓவியர் தன் கையால் மை தொட்டு வரைந்த தாள் வேண்டும். அது ஆசிரியர் மேசைக்குப் போய், அச்சுக்குப் பிளாக் எடுக்கிறவரிடம் போய், வேலை முடிந்ததும் நாதியில்லாமல் ஒரு மூலையில் கிடக்கும். பாதி போண்டா மடிக்கப் போயிருக்கும், பாதி கரையானுக்குப் போயிருக்கும். தப்பிப் பிழைத்ததில் நாற்பத்து மூன்று பூபாலனிடம் இருந்தன. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றித் தகரப் பெட்டியில் படுக்கப் போட்டிருந்தான். வெறுங்கையால் தொட விடமாட்டான். அசலை லேமினேஷன் செய்து வைத்திருந்த ஒரு புண்ணியவானோடு ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நின்று சண்டை போட்டிருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அப்படி என்னதானுங்க இருக்குது அதுல?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான் சொல்வான். "அச்சுல பாத்தா எல்லாம் சுத்தமா இருக்குமுங்க. அசல்லதான் எங்க சொரண்டுனாங்க, எங்க வெள்ளை பூசுனாங்க, யாரு என்ன மாத்தச் சொன்னாங்கன்னு தெரியும்."

நாற்பத்து மூன்றும் சும்மா. அவன் பதினைந்து வருஷமாகத் தேடியது ஒன்றே ஒன்றைத்தான்.

எண்பத்தாறில் திருப்பூர் ராயபுரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நாற்பத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. கமிட்டித் தலைவர் செங்கோட்டையன். செயலாளர் பழனிமுத்து. பழனிமுத்து பூபாலனின் அப்பா. செங்கோட்டையன் அவனுடைய தாய்மாமன். மச்சான்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் போவார்கள், வருவார்கள். நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் கேட் திறந்திருந்தது. யாரோ உள்ளே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போராட்டத்தில் முன்னால் நின்ற பதினாறு பேருக்கு மட்டும் வேலை இல்லை என்றார்கள். போட்டது யார்? தலைவரும் செயலாளரும் நான் இல்லை என்றார்கள். இரண்டு பேரையும் ஜனங்கள் நம்பத்தான் பார்த்தார்கள்.

அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தினசரியில் கார்ட்டூன் வந்துவிட்டது. முதலாளியே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே சங்கத்துக்காரர், அளவு கொடுக்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் போட்டிருக்கிற பனியனில் முதலாளி ஒரு பை வைத்துத் தைக்கிறார். கேட்டுக்கு வெளியே காலித் தட்டுகளோடு கூட்டம். கீழே, 'பனியனுக்கும் பை வந்தாச்சு!' என்று ஒரே வரி.

உலகத்தில் எவனாவது பனியனுக்குப் பை வைப்பானா? திருப்பூர்க்காரனுக்கு அதைவிட உறைக்கிற மாதிரி சொல்ல முடியாது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றவரின் முகம் பழனிமுத்துவின் முகமாக இருந்தது.

அன்றோடு முடிந்தது. பழனிமுத்து என்ற பேர் போய் 'பைக்காரன்' என்ற பேர் வந்தது. கட்டிங் மாஸ்டராக இருந்தவரை எந்தக் கம்பெனியும் உள்ளே விடவில்லை. தொழிலாளி சேர்க்கமாட்டேன் என்றான், முதலாளிக்கும் அப்படிப்பட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை. பனியன் வெட்டின துண்டுத்துணி போடுகிற வேஸ்ட் குடோனில் வாட்ச்மேனாகக் காலத்தை ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் பூபாலனைப் 'பைக்காரன் மவனே' என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன், அடிக்காத ஆள் இல்லை, அடி வாங்காத நாள் இல்லை. "நான் கையெழுத்துப் போடலீங்க" என்று பழனிமுத்து ஒரு வருஷம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார்.

அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது திருப்பாமல் நின்றவர் செங்கோட்டையன் ஒருத்தர்தான். தினமும் சாயங்காலம் வருவார், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார், ஊர்க்கதை பேசுவார். அடுத்த வருஷம் சொந்தமாக எட்டு பவர்டேபிள் மிஷின் போட்டுத் தைக்கிற யூனிட் ஆரம்பித்தார். பூபாலன் வளர்ந்ததும் பிரிண்டிங் பட்டறைக்கு முதல் போட்டது அவர்தான். அதற்கும் மேலே, பைக்காரன் மகனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று ஊர் சிரித்தபோது, தன் மகள் அமராவதியைக் கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் இறந்தபோது சங்கக் கொடி போர்த்தித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். பழனிமுத்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "எல்லாரும் போனாங்க. மச்சான் ஒருத்தன்தான் நின்னான்." எண்பது வயதில் அவர் காலையில் முருகன் பேரைச் சொல்கிறாரோ இல்லையோ, இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

பூபாலனின் கணக்கு எளிமையானது. கார்ட்டூன் வரைந்தவருக்கு ஆள் தெரியாமல் இருந்திருக்கும், அல்லது எவனோ தப்பாகச் சொல்லியிருப்பான். அசலைப் பார்த்தால் ஏதாவது ஒரு அழிப்பு, ஒரு குறிப்பு, கட்டாயம் இருக்கும். அதை அப்பா கண்மூடுவதற்குள் அவர் மடியில் வைத்து, "நீங்க இல்லைன்னு இதோ எழுதியிருக்குது பாருங்க" என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் இத்தனை அலைச்சலும்.

கடைசியில் ஒரு பழைய பிளாக் மேக்கர் துப்புக் கொடுத்தார். கார்ட்டூன் வரைந்த தீனதயாளன், பத்திரிகை மூடின பிறகு திருமுருகன்பூண்டிக்குக் குடிவந்து, சிற்பப் பட்டறைகளுக்குச் சாமி சிலைக்கு அளவுப்படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தாராம். ஆள் இறந்து பல வருஷம் ஆகிறது. மகள் சாரதாமணி மட்டும் அங்கேயே இருக்கிறாராம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூபாலன் போய் நின்றான். தெருவெல்லாம் உளிச் சத்தம், செடி கொடியெல்லாம் கல்தூசி. அறுபது வயது சாரதாமணி கதவைப் பாதி திறந்துகொண்டு, யார் என்று கேட்டார்.

"பழனிமுத்து மவனுங்க. ராயபுரத்துக் கம்பெனி ஸ்ட்ரைக்கு…"

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். வந்த காரியத்தை அவன் சொல்லவேண்டியே இருக்கவில்லை. உள்ளே போய், புடவைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"அப்பா வரைஞ்சதையெல்லாம் எடைக்குப் போட்டுட்டனுங்க. இத மட்டும் போட மனசு வரல. அப்பா இருக்கறப்ப போடவும் உடல, பாக்கவும் உடல. 'இந்தக் கையால நான் செஞ்ச ஒரே பாவம்'னுதான் சொல்லுவாரு."

பூபாலன் பெட்டியைத் திறந்து எடுத்தான். கெட்டி அட்டைத்தாள். முதலாளி, தையல் மிஷின், காலித் தட்டுகள் எல்லாம் ஒரே வீச்சில் தூரிகையால் போட்டவை. கை தூக்கினவரின் முகத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் பூசி, அதன்மேல் பேனாவால் அவசர அவசரமாக அப்பாவின் முகம். ஓரத்தில் ஆசிரியர் குறிப்பெழுதுகிற நீலப் பென்சிலில், 'முகம் மாற்றவும். பழனிமுத்து. போட்டோ இணைத்துள்ளது' என்று எழுதியிருந்தது. நீலப் பென்சில் பிளாக் எடுக்கிற கேமராவுக்குத் தெரியாது. அதனால்தான் உலகத்துக்கும் தெரியவில்லை.

"அடியில இருக்கறது யாரோட மொகமுங்க?"

"கேட்டா எந்திரிச்சுப் போயிருவாருங்க. எனக்குத் தெரியாது." சாரதாமணி பெட்டியை மூடினார். "நீங்களே எடுத்துட்டுப் போங்க. எங்க ஊட்டுல இருந்தது போதும்."

வீட்டுக்கு வந்தவன் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கமாட்டாமல் அப்பாவிடம் சொல்லிவிட்டான். "அப்பா, கெடச்சிருச்சு! மொதல்ல வரைஞ்சது உங்க மொகமே இல்ல. வேற எவனையோ அழிச்சுட்டு மேல உங்களப் போட்டிருக்காங்க."

பழனிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "யாரு?" என்றார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கண்டுபுடிச்சுச் சொல்றனுங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிழவர் ஷேவிங் செய்துகொண்டு, பெட்டியிலிருந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மருமகள் கொடுத்த இட்லியைக்கூடத் தொடவில்லை.

ஞாயிறு பட்டறைக்கு லீவு. அங்கே வேலை செய்கிற பீகார்ப் பையன்கள் கறிக்கடைக்குப் போயிருந்தார்கள். பூபாலன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எக்ஸ்போசிங் மேசையைப் போட்டான். மேலே கண்ணாடி, அடியில் வரிசையாக ட்யூப் லைட். படத்தை ஸ்கிரீனில் ஏற்றுகிற மேசை. அதில் தாளை வைத்துப் பார்த்தான். அட்டை கெட்டி, வெளிச்சம் ஏறவில்லை. முகம் இருந்த இடத்தில் சாம்பலாக ஒரு கறை, அவ்வளவுதான். செல்போன் டார்ச்சை அடியில் பிடித்தான். பூதக்கண்ணாடி வைத்தான். அந்தப் பக்கம் திருப்பினான், இந்தப் பக்கம் திருப்பினான். பத்து மணி பதினொன்றாகி, பதினொன்று பன்னிரண்டாயிற்று. வாசலில் வெள்ளை வேட்டியோடு அப்பா உட்கார்ந்திருந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங்காரர்களுக்கு ஒரு பழைய வித்தை உண்டு. ஃபிலிம் வாங்க வசதியில்லாத காலத்தில் படத்தைச் சாதாரணத் தாளில் வரைந்து, தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார்கள். எண்ணெய் குடித்ததும் தாள் கண்ணாடி மாதிரி ஆகி வெளிச்சத்தை விட்டுவிடும். பூபாலன் அதை ஆயிரம் தடவை செய்திருக்கிறான். எண்ணெய் பாட்டிலும் பனியன் வேஸ்ட்டும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும். அசலில் விரல் படக்கூடாது என்று ஊரோடு சண்டை போடுகிற மனுஷன்! ஒரே ஒரு சொட்டு, அந்த வெள்ளையில் மட்டும், என்று நினைத்தான். நினைத்தானோ என்னவோ, கை அதுபாட்டுக்குப் போய்விட்டது.

எண்ணெய் பட்டதும் வெள்ளை கரைந்து போனது மாதிரி ஆயிற்று. அப்பாவின் முகத்துக்கு உள்ளேயிருந்து இன்னொரு முகம் மேலே வந்தது. முதலில் மீசை, பெரிய மீசை. அப்பாவுக்கு மீசையே கிடையாது.

"எங்கப்பன் இல்லடா!" என்று காலிப் பட்டறையில் கத்தினான். "டேய், எங்கப்பன் இல்லடா!" அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம்! மேசையை இரண்டு கையாலும் அடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தபோது காதில் கடுக்கன் தெரிந்தது. அதற்குக் கீழே நடுவில் குழி விழுந்த தாடை. அந்தத் தாடையை அவன் தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் பார்க்கிறான். அமராவதிக்கு அதே தாடை. கல்லூரியில் படிக்கிற மகள் சண்முகப்பிரியாவுக்கும் அதே.

செங்கோட்டையன் மாமன்.

டிஷ்யூவால் ஒற்றினான். முகப்பவுடரைக் கொட்டினான். எண்ணெய் குடித்த தாள் எங்கே திரும்பும்? கறை முகத்தைத் தாண்டிக் கழுத்துக்கும் கைக்கும் பரவியது. இப்போது லைட்டுகூட வேண்டாம். வெறுங்கண்ணுக்கே ஒரு உடம்பில் இரண்டு முகம் தெரிந்தது. இனிமேல் எந்த வெள்ளையைப் பூசியும் மறைக்க முடியாது. வேலைநிறுத்தம் முடிந்த மறுவருஷம் மாமனுக்கு எட்டு பவர்டேபிள் எங்கிருந்து வந்தது என்று எவனாவது கேட்டானா? பழனிமுத்து பெற்ற மகன் அவனே கேட்டானா? ஊர் மொத்தமும் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். டேபிள்களும் மிஷினும் எந்தப் பையிலிருந்து வந்தவை என்று இப்போதுதான் தெரிந்தது.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு அமராவதி வந்தாள். "ஏனுங்க, போனை எடுக்க மாட்டீங்களா? மாமா சோறுந்திங்காம வாசல்லயே உக்காந்திருக்கறாரு. பாவமா இருக்…"

மேசையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை.

"இது எங்கப்பா."

"எண்ணெய் தொட்டிருக்கக் கூடாது," என்றான் பூபாலன்.

"எண்ணெயா இப்பப் பெருசு?" அவள் குரல் உடைந்தது. நீலப் பென்சில் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அவன் தடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அமராவதி, இத அப்பாகிட்டக் காட்ட வேண்டாம். ஒண்ணும் தெரியலன்னு சொல்லிக்கலாம். பெட்டியில போட்டுப் பூட்டிர்றேன்."

"எனக்காகப் பாக்கறீங்களா?" அவளுக்கு ஆத்திரம் வந்தது. "எங்கப்பன் சாகற வரைக்கும் வாயைத் தொறக்கல. எங்கப்பன் செஞ்சதையே நீங்களும் செய்யோணுமா? மாமா சொமந்தது போதுமுங்க. எடுங்க, போலாம்."

வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இவர்களைக் கண்டதும் பழனிமுத்து நாற்காலியைவிட்டு எழுந்தார். உள்ளே வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். வெறுங்கைதான். பூபாலன் கொடுத்தான்.

அவருக்கு ஒரு கண்ணில்தான் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நானு," என்றார். "இந்த மீசை… இது மச்சானாட்டம் இருக்குதே?"

கிழவர் இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். திடீரென்று முகம் மலர்ந்தது. பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார்.

"அட! மச்சானையும்தான் போட்டிருந்தானா! ரெண்டு பேரையுஞ் சேத்தியே போட்டிருக்கான் பாரு, ஒரே ஒடம்புல. பேப்பர்ல என்ற தலை மட்டும் வந்திருச்சு. கெட்டிருந்தா ரெண்டு பேரு பேரும் சேந்து கெட்டிருக்கும். மச்சானுக்கு இது தெரிஞ்சிருக்குது. அதுதான் அந்தப் பாடு பட்டு தெனமும் வந்தான். தனியா உட்டுட்டமேன்னு வந்திருக்கான்!"

எண்பது வயதில் ஒரு மனுஷன் அப்படிச் சந்தோஷப்பட்டு பூபாலன் பார்த்ததில்லை. அமராவதி கணவனின் கையைப் பிடித்தாள். காட்டித்தான் ஆகவேண்டும் என்று கூட்டிவந்தவள் இப்போது தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். நகம் பதிகிற அளவுக்கு அழுத்தினாள். விட்டுடுங்க, இப்படியே இருக்கட்டும் என்று அந்தப் பிடி சொல்லியது. அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து நெஞ்சில் கிடந்தது தொண்டைக்கு வந்துவிட்டது. பதினைந்து வருஷம் தேடினவனால் கடைசி வார்த்தையை விழுங்க முடியவில்லை.

"அப்பா, ரெண்டு பேரையும் போடல. மொதல்ல மாமனைத்தான் போட்டிருக்காங்க. மாமனை அழிச்சுட்டு அதுக்கு மேல உங்களப் போட்டிருக்காங்க. கையெழுத்துப் போட்டது மாமன். ஓரத்துல எழுதியிருக்குது பாருங்க, உங்க போட்டோவையும் குடுத்திருக்காங்க."

"போட்டோவா?"

"ஆமாங்கப்பா."

பழனிமுத்து தாளை மடியில் இறக்கினார். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்து, பிறகு போயிற்று.

"அப்ப எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு போட்டோ," என்றார் மெதுவாக. "கேட் தொறந்த அன்னிக்குப் பொழுதோட மச்சான் வந்து கேட்டான். கம்பெனிக்காரன் வேலைக்குப் புதுக் கார்டு குடுக்கறான், நானே கொண்டுபோய்க் குடுத்தர்றேன்னு வாங்கிட்டுப் போனான். உங்கம்மாதான் பொட்டியிலருந்து எடுத்துக் குடுத்தா."

அமராவதி தரையில் உட்கார்ந்து மாமனாரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "நீ என்ன பண்ணுவ சாமி, எந்திரி," என்றார். அப்புறம் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பூபாலன் தாங்கியிருப்பான்.

"என்ற பேருக்காகத்தான் இத்தன வருசம் அலைஞ்ச. எனக்குத் தெரியும். இனி இந்தப் பேரைக் கொண்டுபோய் நான் யாருகிட்டக் காட்டறது? அந்தப் பதினாறு பேருல பாதிப்பேரு போய்ச் சேந்துட்டாங்க. மச்சான் இருந்திருந்தாலாவது ஏண்டா இப்படிப் பண்ணுனன்னு சட்டையப் புடிச்சுக் கேட்டிருப்பேன். எனக்குன்னு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆளு. அவனையும் இன்னிக்கு எடுத்துட்டியே, கண்ணு."